கண்ணாடியாட்டம் ஒரு குட்டை

அந்தத் தண்ணியக் குடிச்சுப்போடாதே அம்மிணி. இரு, இரு. மூடியத் தொறந்த கையோட வாய்ல கவுத்தறதுதானா? வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சுப் பாரு மொதல்ல. தெரியுதா அடியில? பொடிப்பொடியா மெதக்குது பாரு. பஸ் ஸ்டேண்டுல வாங்குனதா? கருமம். அதக் குடிச்சா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. இந்தா, இதக் குடி. எங்கூட்டுத் தண்ணி. பாட்டல்ல தண்ணி இருக்குதா இல்லையான்னே தெரியாது, அத்தனை தெளிவு. குடி, குடி, எனக்கு எறங்கற எடம் வந்துரும்.

அப்பிடியே என்ர பைய சித்தெ மடில வெச்சுக்கறயா? கீழ வெக்க எனக்கு மனசு வல்ல. பாரு கீழ, எவனோ வெத்தலையத் துப்பி வெச்சிருக்கறான். த்தூ. சனங்களா இவனுக. என்ர மடில சீர்த்தட்டு இருக்குது, இல்லாட்டி உங்கிட்டக் குடுப்பனா? கனமா இருந்தாச் சொல்லு. ஈரக்கையால மட்டும் தொட்டுறாதே. வழுக்க ஆரம்பிச்சுரும், அப்பறம் கழுவக் கழுவப் போகாது. வேறொண்ணும் இல்ல, பவுடருதான். சொல்றேன்.

என்ர பேரு சம்பூரணம். வேப்பம்பள்ளம் பிரிவுல எறங்கோணும். நீ அதுக்கு அங்கிட்டா? அப்பச் சரி, எறங்கறப்ப நீயே எடுத்துக் குடுத்துரு. பேரனுக்கு நாளான்னிக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறாங்க. எம்மக கோகிலாவோட பையன். சந்தோசமா போறேன்னு நெனைக்காதே. வயிறு எரிஞ்சுட்டுப் போறேன். தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்தறாங்களாம். கேட்டிருக்கறயா எங்கியாச்சும்? எம்மகன் பூபதி குத்துக்கல்லாட்டம் ஊட்டுல உக்காந்திருக்கறான். குழந்தைய அவம்மடில வெக்க மாட்டாங்களாம். மாப்பிள்ளையோட பெரியப்பன் மகன், கோகிலாவுக்குக் கொழுந்தன் மொறை, அவம்மடில வெச்சுக் குத்தப் போறாங்களாம். மாமன் இருக்கறப்பச் சித்தப்பன் மடி. எங்க சனத்துக்குள்ள இதவிடக் கேவலம் ஒண்ணு இல்ல. எதுக்குன்னு கேளு. மீனுக்கு. செத்துப்போன மீனுக்கு.

எனக்குப் பொறப்புலயே அருவருப்பு ஜாஸ்தி அம்மிணி. எங்கூட்டுக்காரரு இருக்கறவரைக்கும் சொல்லுவாரு, உனக்கு மூக்கு கண்ணுலயும் இருக்குதுன்னு. டம்ளர்ல ஒரு தூசி கெடந்தாப் போதும், கொடலே மேல வந்துரும். கல்யாண ஊட்டுல கூட நான் தண்ணி குடிக்க மாட்டேன். அப்பிடிப்பட்ட எனக்கு வந்து வாச்ச சம்பந்தி பாரு, மீன் வளக்கறவரு. ராக்கியண்ணன்னு பேரு. பொண்ணு பாக்க வந்தப்ப மஞ்சக்காடு, தென்னந்தோப்புன்னுதான் சொன்னாங்க. சரின்னு குடுத்தேன். கல்யாணம் முடிஞ்ச அடுத்த வருசமே தண்ணி இல்லைன்னு மஞ்சக்காட்ட அழிச்சுப் பண்ணைக்குட்டை வெட்டி மீன்குஞ்சு விட்டுட்டாரு. ஊட்டுக்கு முன்னாலயே குட்டை. வாசப்படில நின்னாக் குட்டைதான் தெரியும்.

அந்தத் தண்ணிய நீ பாத்திருக்கோணும். பச்சையும் இல்ல, பழுப்பும் இல்ல, பழைய மோருல மருதாணி கரைச்சாப்பல. எதுக்கு அப்பிடி இருக்குதுன்னு நெனைக்கறே? சாணி. மாட்டுச் சாணியக் கூடை கூடையாக் கரைச்சு ஊத்தறாரு. கேட்டா, அதுலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பாசி எல்லாம் உண்டாகுது சம்பந்தி, அதத் தின்னுதான் மீன் வளருதுங்கறாரு. எனக்கு ஓங்கரிச்சுட்டு வந்துருச்சு. அவிய ஊட்டுல மீன் கொழம்பு வெச்சா நான் அன்னிக்குப் பட்டினி. எனக்கென்ன தெரியாதா, சாணியத்தான சுத்திச் சுத்தி எல்லாரும் தின்னுட்டிருக்கறாங்க.

இதவிடக் கண்றாவி ஒண்ணு சொல்றேன். தெனமும் வெடியால எந்திரிச்சதும் அந்த மனுசன் கொளத்தோரம் குந்திட்டுக் கைய முழங்கை வரைக்கும் உள்ள உடுவாரு. உள்ளங்கை கண்ணுக்குத் தெரியுதான்னு பாப்பாரு. தெரியலைன்னா அப்பிடி ஒரு சிரிப்பு, தண்ணி நல்லா இருக்குதாம். தெரிஞ்சாத்தான் வெசனம், இன்னும் ரெண்டு கூடை சாணி கரைப்பாரு. ஒலகத்துல எல்லாரும் தண்ணி தெளிஞ்சா நல்லா இருக்குதும்பாங்க. இந்த ஒருத்தரு கை மறைஞ்சா நல்லா இருக்குதுங்கறாரு. அந்தக் கையோட வந்து, வாங்க சம்பந்தின்னு கும்புடுவாரு. நான் தூரத்துலயே நின்னுக்குவேன்.

இப்ப எம்மகன் கதைக்கு வரேன். பூபதிக்குச் சாயப்பட்டறைத் தண்ணியச் சுத்தம் பண்ற ஆலைல வேலை. பட்டறைக்காரங்க எல்லாம் சேந்து கட்டுனது, எங்கூருக்கும் வேப்பம்பள்ளத்துக்கும் நடுவுல இருக்குது. ஒருக்கா உள்ள கூட்டிட்டுப் போயிக் காமிச்சான். நாத்தம் தாங்காம முந்தானைய மூக்குல கட்டிட்டுத்தான் போனேன். ஆனாப் பாரு, ஒரு கண்ணாடிக் குடுவைல அந்தக் கருந்தண்ணிய மோந்து, இந்தப் பவுடரக் கரைச்ச தண்ணிய ரெண்டு சொட்டு உட்டுக் கலக்குனான். அட அட அட. பாலு திரியறாப்பல அழுக்கெல்லாம் கட்டி கட்டியாச் சேந்து அடியில போயி உக்காந்துருச்சு. மேல பளிங்காட்டம் தண்ணி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு அம்மிணி. அந்தக் காலத்துல கொடத்துக்குள்ள தேத்தாங்கொட்டைய ஒரசுவாங்க, அப்பறம் படிகாரம் வந்துச்சு. இதுக்கு முன்னால அதெல்லாம் எந்த மூலைக்கு?

பாலிமருன்னு பேராம். நான் தெளிபவுடருன்னுதான் சொல்லுவேன். எங்க போர்த்தண்ணி கலங்கலா வருதுன்னு தொணதொணத்ததுல கொஞ்சூண்டு பொட்டணம் கட்டிக் கொண்டாந்து குடுத்தான். துணி தொவைக்கற தண்ணிக்கு மட்டும் போடும்மா, ஒரு தொட்டிக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போடாதேன்னான். சிட்டிகையாம். கஞ்சப்பய, அவங்கப்பனாட்டம். நான் கை நெறைய அள்ளித்தான் போடுவேன், எல்லாத் தொட்டிக்கும். குடிக்கறதும் அந்தத் தண்ணிதான். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நீயுந்தான் இப்பக் குடிச்சே, நல்லா இல்ல?

என்ன அம்மிணி, பாட்டலக் கீழ வெச்சுட்டே. தாகம் தீந்துருச்சா? சரி மூடி வெய்யி, தூசி உளுகும்.

எங்க உட்டேன்? ஆங். போன வருசம் மழையில நனைஞ்சு கட்டி தட்டிப் போச்சுன்னு ஆலைல ஒரு மூட்டைய ஒதுக்கிப் போட்டாங்க. மேனேஜரக் கேட்டு அதுல நல்லா இருந்த பாதிய இவன் கொண்டாந்து கொட்டாய்ல வெச்சான். அம்மாவுக்கு ரொம்ப நாளைக்கு ஆகும்னு. அந்த நேரத்துலதான் கோகிலாவுக்குக் கட்டுச்சோறு வந்துச்சு. உங்க பக்கம் வளைகாப்புன்னு சொல்லுவீங்களா? எங்களுக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க விதவிதமாச் சோறு கட்டிட்டு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போகோணும். புளிச்சோறு, எலுமிச்சம்பழச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு, இன்னும் என்னென்னமோ. ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரும். என்ர அண்ணன் பொண்டாட்டி வருவா, அவ நாக்கு எட்டூருக்கு நீளும்.

நான் ரெண்டு நாளைக்கு முன்னாலயே போய்ப் பாத்தேன். பந்தலக் கொண்டுபோய்க் குட்டைக்கரைலயே போட்டு வெச்சிருக்கறாங்க, காத்து நல்லா வரும்னு. காத்தா வரும்? சாணி நாத்தந்தான் வரும். எலையில புளிச்சோத்தப் போட்டுட்டு நிமுந்தா எதுக்க அந்தத் தண்ணி. எனக்கு வெக்கமாப் போச்சு. எம்மகள இந்த ஊட்டுலயா குடுத்தேன்னு எல்லாரும் மொகத்தச் சுளிக்க மாட்டாங்க? மாப்பிள்ளைகிட்டப் பக்குவமாச் சொல்லிப் பாத்தேன், ஒருநாளைக்காச்சும் தண்ணிய மாத்துங்க மாப்ளன்னு. அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. சொன்னாக் கேக்கற சனமா அது. சரி, நம்ம கௌரவத்த நாமதான் காப்பாத்திக்கோணும்னு திலும்பி வந்து மூட்டைய எடுத்தேன்.

கட்டுச்சோத்தன்னிக்கு வெடியாலயே பாத்திரம் பண்டத்தோட ஆட்டோவுல மூட்டையும் போட்டுட்டுப் போயிட்டேன். சம்பந்தியும் மாப்பிள்ளையும் பூவும் பழமும் வாங்கச் சந்தைக்குப் போயிட்டாங்க. கோகிலா படுத்திருந்தா. மாட்டுக்குத் தண்ணி காட்டற பெரிய அண்டா ரெண்ட எடுத்துக் கரைச்சேன். அந்தக் கருமத்தக் கேக்காதே. கரைக்கக் கரைக்கச் சளியாட்டம் நீளுது. முட்டை வெள்ளைக்கருவக் கைல எடுத்தாப்பல வழுக்கி வழுக்கி ஓடுது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. பல்லக் கடிச்சுட்டு, மக கௌரவத்துக்காகன்னு நெனைச்சுட்டு, வாளி வாளியாக் கொண்டுபோய்க் குட்டையச் சுத்தி வீசுனேன். வழுக்கி ஒருக்கா உளுந்தேன். முட்டி பேந்துருச்சு. ஒருத்தரும் பாக்கல. ஒருத்தருக்கும் சொல்லவும் இல்ல. ஒரம்பரை முன்னால, நாந்தான் பண்ணுனேன்னு பீத்திக்கற பழக்கம் எனக்கு இல்ல.

பத்து மணி வாக்குல பந்தலுக்கு ஆளு வர ஆரம்பிச்சாங்க. குட்டை எப்பிடி இருந்துச்சுங்கறே? கண்ணாடி. அடி மண்ணு தெரியுது. கல்லு தெரியுது. அதுக்கு முந்துன வருசம் கோகிலா தொலைச்ச கொலுசுகூட ஒண்ணு தெரிஞ்சுச்சு. என்ர அண்ணன் பொண்டாட்டியே வாயத் தொறந்து, என்ன சம்பூரணம் நீச்சல்கொளமாட்டம் இருக்குதுன்னா. எல்லாரும் அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்குத்தான் அந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

மீனெல்லாம் மேல வந்துருச்சு. அது ஒரு அழகு. கட்லா, ரோகு, எல்லாம் கூட்டமா மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஒரம்பரை வந்திருக்குதுன்னு பாக்க வந்துருக்குதுன்னு சிரிச்சாங்க. குழந்தைங்க எலையில இருந்த எலுமிச்சம்பழச்சோத்த எடுத்து வீசுச்சுங்க. ஒண்ணுகூடத் தின்னல. சோறு பக்கத்துலயே மெதக்குது, அதுங்க பாட்டுக்கு வானத்தப் பாத்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. சாணி தின்னு பழகுனதுக்குச் சோறு எப்பிடி எறங்கும்?

அப்பத்தான் ராக்கியண்ணன் வந்தாரு. அவரு பண்ணுன கூத்தச் சொன்னா நம்ப மாட்டே. ஒரம்பரைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நேரா கரைக்குப் போயிக் கைய முழங்கை வரைக்கும் உட்டாரு. உள்ளங்கை தெரியுது, வெரல் தெரியுது, ரேகைகூடத் தெரியுது. மூஞ்சி செத்துப் போச்சு மனுசனுக்கு. எந்திரிச்சாரு, புது வேட்டியோட அப்பிடியே குட்டைக்குள்ள எறங்கிட்டாரு. எறங்கி, காலால சேத்தக் கெளப்பறாரு. எரும உழப்பறாப்பல உழப்பறாரு. மாப்பிள்ளையும் சட்டையோட எறங்கிட்டாரு. மோட்டாரப் போடு, தண்ணியப் பீச்சி அடின்னு ஒரே சத்தம். வாயும் வயிறுமா மணையில உக்காந்திருக்கற பொண்ணு அழுகறா. பந்தல்ல உக்காந்திருக்கற சனம் எலையில கைய வெச்சுட்டு வேடிக்கை பாக்குது. நான் அத்தனை பாடுபட்டுத் தெளிய வெச்ச தண்ணிய அப்பனும் மகனும் கண்ணு முன்னால கலக்கித் தள்ளறாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

அடுத்த நாளு மீனெல்லாம் வயித்தக் காமிச்சு மெதந்துருச்சு. வித்து நல்ல வெலை போற பருவத்துல இருந்துச்சாம். அந்த நாத்தம், அப்பா. ஊரே நாறுச்சு. சோதிக்கறவங்களுக்குக் காமிக்கோணும்னு ஒரு கூடைய மட்டும் ஐஸுல போட்டு வெச்சுட்டு, மிச்சத்தக் குழி வெட்டிச் சுண்ணாம்பப் போட்டுப் பொதைச்சாங்க. எங்கிருந்தோ தானா வந்து சேந்த வெரால் மட்டும் ரெண்டு மூணு சாகல. அது மேல வந்து காத்தையே குடிச்சுப் பொழைச்சுக்குமாம். வெக்கங்கெட்ட மீனு.

நான் சொன்னேன், கண்ணு பட்டிருச்சுன்னு. அத்தனை பேரு போட்டோ எடுத்தாப் படாமப் போகுமா? இல்லாட்டி அந்த வேட்டிக்கூத்துல மெரண்டு செத்திருக்கும். ஒருத்தரும் காதுல வாங்கல. ராக்கியண்ணன் ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேட்டாரு. எங்கிட்டயும் கேட்டாரு, சம்பந்தி, குட்டைல ஆராச்சும் எதையாச்சும் போட்டாங்களான்னு. எதையாச்சும்னா என்ன அர்த்தம்? கெட்டது எதையாச்சும் போட்டாங்களான்னுதான? நான் கெட்டது ஒண்ணும் போடலயே. இல்லைங்க சம்பந்தின்னேன். நெசந்தான?

அப்பறம் மீன்வளத்துறைல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. சின்ன வயசு, நல்ல படிப்பு. செத்த மீன ஒண்ண எடுத்துச் செவுளத் தொறந்து காமிச்சாரு. நான் பாக்க மாட்டேன்னு திலும்பிட்டேன், ஆனாக் கண்ணுல பட்டிருச்சு. செகப்பா இருக்கற செவுளு மேல வெள்ளையாக் கோழை படிஞ்சிருந்துச்சு. வெண்டைக்காய வெட்டுனா நூலு வருமில்ல, அதாட்டம். தண்ணியத் தெளிய வெக்கற பாலிமர் ஜாஸ்தியா உளுந்திருக்குதுன்னாரு. அவரு சொன்னது எனக்கு அப்பிடியே மனப்பாடம்.

"சேறு இருக்கற வரைக்கும் அது சேத்தப் புடிக்குமுங்க. சேறு தீந்துபோச்சுன்னா செவுளத்தான் புடிக்கும். தண்ணில காத்து இருந்தாலும் மீனுக்கு மூச்சு உட முடியாது."

எப்பிடிக் கதை பாரு. சேத்தப் புடிக்கறது எதுக்குச் செவுளப் புடிக்குது? செவுளு என்ன அழுக்கா? அழுக்குதான அம்மிணி கீழ போகோணும், அதுதான அந்தப் பவுடரோட வேலை. குட்டைத்தண்ணி பக்கத்து ஒடையிலயும் போயிருக்குது, அங்க நத்தை, தவக்களைக்குஞ்சு, கெண்டைப்பொடி எல்லாம் செத்துருக்குது, கொக்குகூட வரதில்லைன்னு வேற சொன்னாரு. நத்தை செத்தா நல்லதுதான. நத்தையப் பாத்தாலே எனக்குக் கொமட்டும்.

பாலிமர்னு அவரு சொன்னாரோ இல்லையோ, ராக்கியண்ணன் நேரா ஆலைக்குப் போயிட்டாரு. ஊருக்காரங்க அத்தனை பேரையும் கூட்டிட்டுப் போயி கேட்டுக்கு முன்னால செத்த மீனக் கொட்டிட்டு உக்காந்துட்டாங்க. மோட்டார் போட்டு ஒடைத்தண்ணியக் குட்டைக்கு எடுப்பாங்க, ஆலைக்காரன் ராவோட ராவா ஒடைல உட்டுட்டான்னு பேச்சு. அதிகாரிங்க வந்து சோதிச்சாங்க. மேனேஜரு, நாங்க ஒண்ணும் உடல, ஒதுக்கிப் போட்ட மூட்டைய எடுத்துட்டுப் போனவன் பூபதின்னு சொல்லிட்டான்.

அன்னிக்குப் பொழுதோட பூபதி ஊட்டுக்கு வந்து நேராக் கொட்டாய்க்குப் போனான். வந்து எங்கிட்ட நின்னான்.

"அம்மா, அந்த மூட்டை எங்க?"

நான் சொன்னேன், கோகிலா ஊட்டுக் குட்டை கண்றாவியா இருந்துச்சு, கரைச்சு ஊத்திப்போட்டேன், எப்பிடி இருந்துச்சு தெரியுமா, கண்ணாடியாட்டம்னு. சந்தோசப்படுவான்னு நெனைச்சேன். அவன் அப்பிடியே படியில உக்காந்துட்டான். காப்பி வேணுமாடான்னு கேட்டேன். அப்பறம் எந்திரிச்சு வந்து என்ர வாயப் பொத்துனான். எம்மேல கை வெக்காத பையன் அம்மிணி.

"இத நீ இனி ஆருகிட்டயும் சொல்லக்கூடாது. கோகிலாகிட்டக்கூட. எம்மேல சத்தியம்."

எனக்குப் புரிஞ்சுது. சம்பந்தி ஊட்டுல போயி அம்மா கூலியாளாட்டம் வாளி தூக்கிருக்கறாளேன்னு அவனுக்கு மானக்கேடு. ரோசக்காரன். சரிடான்னுட்டேன். இன்னிக்கு வரைக்கும் சொந்தபந்தத்துல ஒருத்தருகிட்டயும் மூச்சு உடல. உங்கிட்டச் சொல்றது வேற, நீ ஆரோ, நான் ஆரோ.

ஆனா அடுத்த நாளு அவன் பண்ணுனதுதான் எனக்கு ஆறவே இல்ல. அதிகாரிங்க முன்னால போயி, நாந்தான் அந்த மூட்டைய ஒடைல கொட்டுனேன், கட்டி தட்டிப் போச்சுன்னு வீசிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். பச்சப் பொய்யி. அந்த மூட்டை கொட்டாய விட்டு நவுந்ததே எங்கையாலதான். எனக்குத் தெரியாதா? பொய் சொன்னா எனக்குப் புடிக்காதுன்னு சின்ன வயசுலயே சூடு போட்டு வளத்தவ நான். ஆலைக்காரங்கதான் மெரட்டி எழுதி வாங்கிருக்கோணும். வேலையும் போச்சு. இப்ப எவனோ ஒருத்தனோட சரக்கு ஆட்டோ ஓட்டறான். சாப்புடறான், தூங்கறான், எங்கூட மட்டும் மொகங்குடுத்துப் பேசறதில்ல. வேலை போன வெசனம் அப்பிடி ஆக்கிருச்சு பையன.

கோகிலா அண்ணன் போனையே எடுக்கறதில்ல. எங்க சோத்துல மண்ணப் போட்டவன் மடில எம்பையன் உக்கார மாட்டான்னு சொல்லிப்போட்டா. குழந்தை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டுத் திலும்பி வந்தான் பூபதி. எட்டிக்கூடப் பாக்க உடல. கூடப் பொறந்தவளா அவ? சாணித் தண்ணி குடிச்சுக் குடிச்சு மனசும் அப்பிடியே ஆகிப்போச்சு. எனக்கு அவளப் பாத்தாலே இப்ப அருவருப்பா இருக்குது, பெத்த வாயால சொல்றேன்.

என்ன கேக்கறே? கோகிலாவுக்குத் தெரியுமாவா? எது தெரியுமா? நான் தண்ணியத் தெளிய வெச்சதா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீயும் அந்த அதிகாரியாட்டமே பேசறயே. நல்லது பண்ணுனதச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஆனா நேத்துப் பூரா தூக்கமில்லாம ஓசிச்சேன். எம்மகன் மேல உளுந்த பழிய ஆரு தொடைப்பா? நாந்தான தொடைக்கோணும்.

அதுக்குத்தான் உம்மடில இருக்கற பை. பூபதி ஊடு பூராத் தேடி ஒரு துளி பவுடரு இல்லாமக் கொண்டுபோய்ப் பொதைச்சுட்டான். ஆனா நான் அப்பவே ஒரு பருப்பு டப்பா நெறைய அள்ளி நெல்லுக் குதிருக்குள்ள வெச்சிருந்தேன். அவனுக்குத் தெரியாது. நான் இன்னிக்கு முன்னாலயே கெளம்பறேன்னதும் வாசல்ல வந்து நின்னுட்டு, பையில என்னம்மான்னு கேட்டான். பேரனுக்குப் பொட்டுக்கடலைன்னு சொல்லிப்போட்டேன்.

ராக்கியண்ணன் இப்ப மறுபடியும் குஞ்சு உட்டிருக்கறாராம். ஊட்டுக்குப் பக்கத்துலயே சின்னக் குட்டைல, வெரல் நீளத்துக்கு. கோகிலா தாலிக்கொடிய அடகு வெச்சுக் குடுத்தாளாம். கேக்கறப்பவே பத்திட்டு வருது. இந்தக் குஞ்சும் போச்சுன்னா தோப்ப வித்துட்டுத்தான் போகோணும்னு மாப்பிள்ளை பொலம்பறாராம். மறுபடியும் சாணி, மறுபடியும் அதே கண்றாவித் தண்ணி. காது குத்துக்கு வர ஒரம்பரை எல்லாம் அதப் பாத்துத்தான் எலையில உக்காரப் போறாங்க.

நாளைக்கு வெடியால எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள கரைச்சு ஊத்திருவேன். சின்னக் குட்டை, ஒரு டப்பா தாராளம். பொழுது ஏர்றப்பக் கண்ணாடியாட்டம் நிக்கும். அப்பச் சபையக் கூட்டி வெச்சுக் கேப்பேன், பாருங்க, இதுவும் எம்மகன் ஆலைப் பவுடருதான், குஞ்சு குஞ்சாத் துள்ளுது பாருங்க, இதா மீனக் கொல்லும்னு சொன்னீங்கன்னு. அத்தனை பேரு மூஞ்சியும் தொங்கிப் போகோணும். ராக்கியண்ணனே போயிப் பூபதியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரோணும். அவம்மடில வெச்சுத்தான் எம்பேரனுக்குக் காது குத்தோணும். அதுக்கப்பறம் நான் செத்தாலும் பரவால்ல.

ஏன் அப்பிடிப் பாக்கறே? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு. வாந்தி வருதா? பஸ்ஸு நாத்தம் அப்பிடி. ஜன்னலத் தொற. ஒரு வாய் தண்ணி வேணா குடி.

இதோ பிரிவு வந்துருச்சு. கண்டக்டரே, நிறுத்துங்க, எறங்கோணும். நான் தட்டத் தூக்கிக்கறேன். குடு கண்ணு அந்தப் பைய. குடு. அட, என்ன அம்மிணி, வெளையாட்டா? வெடுக்குனு இழுத்தா டப்பா மூடி தொறந்துக்கும். எதுக்கு இப்பிடி நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கறே? உங்கையெல்லாம் வேர்த்துக் கெடக்குது பாரு, ஈரம் படக்கூடாதுன்னு அப்பவே சொன்னேனில்ல. என்ன சொல்றே? என்னோட எறங்கறயா? எங்கூட்டு விசேசத்துக்கு நீ எதுக்கு? கோகிலாகிட்ட உனக்கென்ன பேச்சு?

விடு அம்மிணி. டிரைவரு ஆரன் அடிக்கறாரு. சனமெல்லாம் பாக்குது. பைய விடு.